ஆள்மாற்றமும் ஆட்டமாற்றமும்
உதைபந்தாட்டப் பயிற்றுநரின் கலை குறித்து ஒரு வரலாற்று நோக்கு

ஒரு விளையாட்டின் விதிகள் யாவும் அவ்விளையாட்டோடு உடன்பிறந்தவை என எண்ணுவது இயல்பு. ஆயின் வரலாற்றை நோக்குமிடத்து, அவற்றுள் ஒவ்வொன்றும் ஒரு காலத்தில், ஒரு தேவை பற்றி, ஒரு சாராரின் தயக்கத்துக்கிடையே உருவானது என்பது புலனாகும். இன்று உதைபந்தாட்டம் பார்ப்போர், எழுபதாம் நிமிடமளவிற் களத்தோரத்தில் இலக்கப் பலகை உயர்வதையும், ஒருவர் வெளியேற மற்றொருவர் உட்புகுவதையும் ஆட்டத்தின் பிரிக்கவொண்ணாப் பகுதியாகவே கருதுகின்றனர். 1863 இல் இலண்டனில் விதிகள் வகுக்கப்பட்ட பின்னர் நூறாண்டுக்கு மேலாக இவ்வுரிமை பெரும் போட்டிகளிற் பொதுவாக இருந்ததில்லை. உலகக் கிண்ண இறுதிச் சுற்றில் அது முதன்முதல் இடம்பெற்றது 1970 இலேயாகும்.

இவ்விடத்து இரு சொற்களை வேறுபடுத்திக் கொள்ளுதல் வேண்டும். களத்தில் நிற்கும் ஒருவரை நீக்கி வெளியிலிருக்கும் ஒருவரைப் புகுத்துதல் ஆள்மாற்றம். நிற்பவர்களின் இடத்தையோ கடமையையோ வேகத்தையோ மாற்றி ஆட்டத்தின் போக்கையே திருப்புதல் ஆட்டமாற்றம். முன்னது விதி தந்த உரிமை, எண்ணி அளக்கத்தக்கது. பின்னது பயிற்றுநரின் அறிவிலிருந்து பிறப்பது, எண்ணிக்கைக்கு அடங்காதது. ஆள்மாற்ற உரிமை படிப்படியாகப் பெருகிய வரலாற்றை நோக்கும் ஒருவர், ஆட்டமாற்றக் கலையும் அதனோடு சேர்ந்தே பிறந்தது என மயங்கக்கூடும். அக்கலை ஆள்மாற்றத்துக்கு முற்பட்டது என்பதையும், அது தன் ஆட்களை ஒருவர் எவ்வளவு ஆழமாக அறிந்துள்ளார் என்பதையே அடிப்படையாகக் கொண்டது என்பதையும் காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்விடயம் ஐரோப்பியப் பெருங்கழகங்களுக்கு மட்டும் உரியதன்று. அம்பாறைக் கரையோரத்தில் தம்பிலுவிலிலிருந்து வடக்கு நோக்கி அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, நிந்தவூர், சாய்ந்தமருது, கல்முனை எனத் தொடரும் ஊர்களில் ஒரு கழகத்தையோ பாடசாலை அணியையோ நடத்துவோர்க்கு, பதினோருவரை உரிய நேரத்தில் ஒன்று சேர்ப்பதே சில வேளைகளிற் பெரும்பாடாகும். ஒருவர் வயலுக்குப் போயிருப்பார். ஒருவர் கடலுக்குப் போயிருப்பார். மற்றொருவர்க்குப் பரீட்சை இருக்கும். அத்தகையோர்க்கு ஐந்து மாற்று வீரரை வைத்து ஆடும் கலையைவிட, இருக்கும் பதினோருவரை வைத்து ஆட்டத்தை மாற்றும் கலையே பயன்தரும். எனவே இவ்வரலாற்றில் எமக்கும் பங்குண்டு.

காயமும் விதியும்

ஆட்டத்திலிருந்து ஒருவர் நீங்குதலும் மீளுதலும் எமது மரபு விளையாட்டுகளுக்குப் புதியனவல்ல. சடுகுடு எனவும் கபடி எனவும் வழங்கும் ஆட்டத்திற் பிடிபட்டவர் வெளியேறுவார். தம்மணியினர் எதிரணியில் ஒருவரை வீழ்த்தியதும் மீண்டும் உட்புகுவார். ஆட்பலம் குறைவதும் கூடுவதுமே அங்கு ஆட்டத்தின் உயிர். ஆங்கிலப் பாடசாலைகளில் உருப்பெற்ற உதைபந்தாட்டமோ வேறொரு கொள்கையைத் தழுவியது. தொடங்கிய பதினோருவரே முடிக்கவும் வேண்டும். இடையில் நேரும் இடர் அவ்வணியின் ஊழ் என்பதே அக்கொள்கை.

அதன் கடுமையை உணர்த்தச் சில நிகழ்ச்சிகள் போதும். 1956 மே மாதம் நடைபெற்ற ஆங்கிலக் கிண்ண இறுதியாட்டத்தில் மான்செஸ்டர் சிற்றியின் கோல் காப்பாளர் பேர்ட் டிரௌட்மன், எதிரணி வீரரின் காலடியிற் பாய்ந்து பந்தைப் பற்றியபோது கழுத்திற் பேரடி பட்டார். அவருக்குப் பதிலாக வர எவருமில்லை. எஞ்சிய நேரம் முழுவதும் அவரே வலையைக் காத்தார். அணியும் 3–1 என வென்றது. சில நாட்களின் பின்னரே அவரது கழுத்தென்பு முறிந்திருந்தமை தெரியவந்தது. அடுத்த ஆண்டின் இறுதியாட்டத்தில் மான்செஸ்டர் யுனைற்றெட் கோல் காப்பாளர் ரே வுட் ஆறாம் நிமிடத்திலேயே கன்னவென்பு முறியப் பெற்றார். பின்கள வீரரான ஜக்கி பிளான்ச்பிளவர் வலைக்குச் செல்ல நேர்ந்தது. ஆஸ்ரன் வில்லா 2–1 என வெற்றி கண்டது. 1966 உலகக் கிண்ணத்திற் போர்த்துக்கலுக்கு எதிராகப் பேலே அடிமேல் அடி பட்டு நொண்டியவாறே களத்தில் நின்ற காட்சியும், அவ்வாட்டத்தோடு பிரேசில் வெளியேறியமையும் உலகறிந்தவை.

இக்காலத்தில் ஒரு வழக்கம் நிலைபெற்றிருந்தது. காயமுற்றவரை விளிம்பு முன்களத்துக்கு அனுப்பிவிடுவர். அங்கு நின்றால் அவரைக் காக்க எதிரணியில் ஒருவராவது ஒதுக்கப்படுவார் என்பது கணக்கு. இதுவும் ஓர் ஆட்டமாற்றமே. ஆயினும் இது இழப்பைக் குறைக்கும் தந்திரமேயன்றி ஆக்கத்தைத் தேடும் சிந்தனையன்று. பிற்கூறப்படும் ஜகார்த்தா நிகழ்ச்சியின் சிறப்பை உணர்வதற்கு இவ்வேறுபாட்டை மனங்கொள்ளல் அவசியம்.

1965 ஆம் ஆண்டு ஆங்கில லீக் போட்டிகளில், காயமுற்றவருக்குப் பதிலாக மட்டும் ஒருவரை இறக்கலாம் என அனுமதிக்கப்பட்டது. அவ்வாண்டு ஓகஸ்ட் 21 ஆம் திகதி போல்ற்றன் அணிக்கு எதிராக சார்ல்ற்றன் அத்லெற்றிக் அணியின் கீத் பீக்கொக் களமிறங்கி, லீக் வரலாற்றின் முதல் மாற்று வீரரானார். அவர் இடங்கொண்டது காயமுற்ற கோல் காப்பாளருக்காக. அவரோ கோல் காப்பாளர் அல்லர். எனவே களத்தில் நின்ற பின்கள வீரர் ஒருவர் வலைக்குச் சென்றார். முதல் ஆள்மாற்றமே ஓர் ஆட்டமாற்றத்தையும் உடன் வேண்டி நின்றமை கவனிக்கத்தக்கது. காயம் மெய்யா பொய்யா எனத் தீர்த்தல் மத்தியஸ்தருக்கு அரிதாகவே, 1967 இல் எக்காரணம் பற்றியும் ஒருவரை மாற்றலாம் என விதி தளர்ந்தது. இரக்கத்தின் பொருட்டுத் திறந்த கதவு, இவ்வாறு, தந்திரத்துக்கும் வழிவிட்டது.

ஜகார்த்தா, 1962

ஆள்மாற்ற உரிமையற்ற அக்காலத்தில் ஆட்டமாற்றக் கலை எத்தகைய உயரத்தை எட்டியிருந்தது என்பதற்கு நம் அயலிலேயே ஒரு சான்று உண்டு. ஹைதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரஹீம் 1909 இற் பிறந்தவர்; ஆசிரியத் தொழில் புரிந்தவர்; ரஹீம் சாகிப் என மாணவரும் வீரரும் அழைக்கப் பெற்றவர். அவரது பயிற்சியில் ஹைதராபாத் நகரக் காவற்படை அணி 1950 முதல் 1954 வரை ஐந்தாண்டுகள் தொடர்ச்சியாக ரோவர்ஸ் கிண்ணத்தை வென்றது. இந்திய அணியின் பயிற்றுநராக அவர் 1951 இற் புதுதில்லி ஆசிய விளையாட்டில் தங்கம் பெற்றார். அடுத்த ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10–1 என்ற படுதோல்வியையும் கண்டார். அத்தோல்வி அவரை முடக்கவில்லை. 1956 இல் மெல்போர்ணில் இந்தியா அவுஸ்திரேலியாவை 4–2 என வென்று ஒலிம்பிக் அரையிறுதிக்குச் சென்றது. ஆசிய நாடொன்று அந்நிலையை எய்தியது அதுவே முதன்முறை.

ரஹீமின் பயிற்சி முறைகளுள் இரண்டு இங்கு சிறப்பாகக் குறிப்பிடத்தக்கன. பந்தைத் தனியே கொண்டோடுவதைத் தடைசெய்து, பரிமாறி மட்டுமே ஆடும் போட்டிகளை அவர் நடத்தினார். வலிமை குன்றிய காலால் மட்டுமே உதைக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டுடனும் போட்டிகளை அமைத்தார். ஓர் ஆசிரியர் மாணவனின் குறையை அறிந்து அதன் மேலேயே பயிற்சி கொடுப்பது போன்றது இது. இதனால் வீரர் பல இடங்களிலும் ஆடத்தக்கவராயினர். பயிற்றுநருக்கும் எவர் எங்கு நின்றால் என்ன செய்வார் என்பது தெளிவாயிற்று.

1962 ஆசிய விளையாட்டில் இந்தியா முதலாட்டத்தில் தென் கொரியாவிடம் 0–2 எனத் தோற்றது. தாய்லாந்தை 4–1 என வென்ற ஆட்டத்தில், பின்காவலின் தூணாகிய ஜர்னைல் சிங் தலையிற் படுகாயமுற்றுத் தையல் போடப்பெற்றார். யப்பானை 2–0 என வென்று அரையிறுதியை அடைந்தபோது, தம் சிறந்த பின்காவலரைப் பயன்படுத்துவதா ஒதுக்குவதா என்ற வினா ரஹீமின் முன் நின்றது. பழைய வழக்கப்படி அவரை விளிம்பில் நிறுத்தியிருக்கலாம். அல்லது முற்றாக ஓய்வளித்திருக்கலாம். ரஹீமோ அவரை நடு முன்கள வீரராக்கினார். ஜர்னைல் சிங் தம் இளமையில் முன்களத்திலும் ஆடிப் பழகியவர் என்பர்.

இம்முடிவின் தருக்கம் யாது? பின்காவலர் உயரப் பந்து வருமிடமெல்லாம் தலைகொடுத்தே ஆக வேண்டும். எப்போது மோதுவது எனத் தெரிவு செய்யும் உரிமை அவருக்கில்லை. முன்கள வீரருக்கு அவ்வுரிமை ஓரளவேனும் உண்டு. அன்றியும், பின்காவலரை எதிர்கொள்ள ஆயத்தமாகும் எதிரணிக்கு அவரே தாக்குதலின் முனையாக வருவது எதிர்பாராத இடராகும். இவ்விரு காரணங்களும் சேர்ந்தே இம்முடிவை நியாயப்படுத்தின எனக் கருதலாம். தென் வியட்நாமுக்கு எதிரான அரையிறுதியில் இந்தியா 3–2 என வென்றது. சுனி கோஸ்வாமி இரு கோல்களும் ஜர்னைல் சிங் ஒரு கோலும் போட்டனர்.

செப்டெம்பர் 4 ஆம் திகதி, ஏறத்தாழ ஓர் இலட்சம் பார்வையாளர் முன்னிலையில், முன்பு தம்மைத் தோற்கடித்த தென் கொரியாவையே இந்தியா இறுதியாட்டத்திற் சந்தித்தது. தைவானும் இஸ்ரேலும் போட்டிகளிலிருந்து ஒதுக்கப்பட்டமையை இந்திய அதிகாரி ஒருவர் கண்டித்திருந்தமையால் உள்ளூர் மக்கள் இந்தியா மீது சினங்கொண்டிருந்தனர். காற்சலினால் ஓய்ந்திருந்த உயரமான கோல் காப்பாளர் பீற்றர் தங்கராஜ், கொரியரின் உயரப் பந்துகளைச் சமாளிக்கும் பொருட்டு இவ்வாட்டத்துக்கென மீண்டும் அழைக்கப்பட்டார் என்பர். காற்பெருவிரலிற் காயமுற்றிருந்த திரிலோக் சிங்கும் பின்களத்தில் ஆடினார். பதினேழாம் நிமிடத்திற் பி. கே. பானர்ஜியும், இருபதாம் நிமிடத்தில் ஜர்னைல் சிங்கும் கோல் போட்டனர். கொரியா இறுதிக் கட்டத்தில் ஒரு கோலை மீட்டது. இந்தியா 2–1 என வென்றது.

இம்மாற்றங்கள் ஆட்டங்களுக்கு இடையே செய்யப்பட்டவையேயன்றி ஆட்டத்தின் நடுவே நிகழ்ந்தவையல்ல என ஒருவர் கூறலாம். அது மெய்யே. ஆயினும் வெளியிலிருந்து ஒருவரைக் கொணர்வதைவிட, உள்ளிருப்பவரிடம் மறைந்திருக்கும் மற்றொருவரைக் காண்பதே ஆட்டமாற்றத்தின் சாரம் என்பதை ஜகார்த்தா போல் உணர்த்தும் நிகழ்ச்சி வேறில்லை எனலாம். அக்காலத்திலேயே நோயுற்றிருந்த ரஹீம் 1963 ஜூன் 11 ஆம் திகதி புற்றுநோயினாற் காலமானார். ஆசிய விளையாட்டு உதைபந்தாட்டத்தில் இந்தியா அதன் பின் தங்கம் பெறவில்லை. அவரது வாழ்க்கையைத் தழுவி 'மைதான்' என்ற இந்தித் திரைப்படம் 2024 இல் வெளிவந்தது.

லெயோன், 1970

மெக்சிக்கோ உலகக் கிண்ணத்தில் ஒவ்வோர் அணியும் இருவரை மாற்றலாம் என்ற விதி வந்தது. மே 31 ஆம் திகதி முதலாட்டத்திலேயே சோவியத் அணியின் அனத்தோலி புசாச் இடைவேளையின் பின் களமிறங்கி உலகக் கிண்ணத்தின் முதல் மாற்று வீரரானார். இரு வாரங்களின் பின், ஜூன் 14 ஆம் திகதி, லெயோன் நகரில் நடைபெற்ற காலிறுதி இவ்வுரிமையின் பயனையும் இடரையும் ஒருங்கே காட்டியது.

கடும் வெப்பத்தில் இங்கிலாந்து 2–0 என முன்னிலையில் இருந்தது. மேற்கு ஜேர்மனியின் பயிற்றுநர் ஹெல்முட் ஷோன் 57 ஆம் நிமிடத்தில் விளிம்பு வீரரான யூர்கன் கிரபோவ்ஸ்கியைக் களமிறக்கினார். களைத்திருந்த இங்கிலாந்தின் இடதுபுறக் காவலரை அவர் ஓயாது அலைக்கழித்தார். 68 ஆம் நிமிடத்திற் பெக்கன்பவர் ஒரு கோல் போட்டார். அதன்பின் இங்கிலாந்தின் பயிற்றுநர் அல்ப் ராம்சி, 32 வயதினரான பொபி சார்ல்ற்றனை நீக்கிக் கொலின் பெல்லை அனுப்பினார். சிறிது நேரத்தின் பின் மார்ட்டின் பீற்றர்சையும் நீக்கினார். 82 ஆம் நிமிடத்தில் ஊவே ஸீலர் சமப்படுத்தினார். மேலதிக நேரத்தில் கேர்ட் முல்லர் வெற்றிக் கோலைப் போட, ஜேர்மனி 3–2 என வென்றது.

சார்ல்ற்றனை நீக்கியமையே தோல்விக்குக் காரணம் என்பது அன்றுமுதல் இன்றுவரை வழங்கிவரும் தீர்ப்பு. வரலாற்று மாணவர் இங்கு நிதானிக்க வேண்டும். முதற்கோல் விழுந்தபோது சார்ல்ற்றன் களத்திலேயே இருந்தார். இங்கிலாந்தின் தலைசிறந்த கோல் காப்பாளர் கோர்டன் பாங்ஸ் நோயினால் அன்று ஆடவில்லை. முன்னர் நிகழ்ந்தது பின்னர் நிகழ்ந்ததற்குக் காரணமாகத்தான் இருக்க வேண்டும் என்பது தருக்கப் பிழை. முடிவு தெரிந்த பின் முடிவெடுத்தவரைத் தீர்ப்பிடுவது எளிது.

எனினும் இரு பயிற்றுநரிடையேயும் உண்மையான வேறுபாடொன்று உண்டு. மூன்று நாட்களிலே வரவிருந்த அரையிறுதிக்காக மூத்த வீரரின் வலுவைச் சேமிக்க ராம்சி எண்ணினார் என்பது பொதுவான விளக்கம். ஷோனோ எதிரணியில் எவர் களைத்துள்ளார் என்பதை நோக்கி, அவ்விடத்தைத் தாக்கினார். ஒருவரது மாற்றம் நாளைய ஆட்டத்தை நோக்கியது. மற்றவரது மாற்றம் கண்முன் நிகழும் ஆட்டத்தை நோக்கியது. ஆயின் அதே ஷோன் மூன்று நாட்களின் பின் இத்தாலிக்கு எதிரான அரையிறுதியில் இரு மாற்றங்களையும் பயன்படுத்தி முடித்திருந்த வேளையிற் பெக்கன்பவரின் தோள்மூட்டு விலகியது. அவர் கையைக் கட்டித் தொங்கவிட்டவாறே ஆட்டத்தைத் தொடர, ஜேர்மனி 3–4 எனத் தோற்றது. உரிமை பெருகினும் அதற்கோர் எல்லை உண்டு. எல்லைக்கு அப்பால் மீண்டும் டிரௌட்மனின் காலமே.

பெருகிய உரிமையும் அதன் விலையும்

1995 இல் மாற்று வீரர் தொகை மூன்றாயிற்று. 2018 உலகக் கிண்ணத்தில் மேலதிக நேரத்துக்கென மேலுமொருவர் அனுமதிக்கப்பட்டார். கொரோனாத் தொற்றின் பின் ஆட்டங்கள் நெருங்கியமையால் 2020 மே மாதம் ஐவரை மாற்றலாம் எனத் தற்காலிக ஏற்பாடு வந்தது. 2022 இல் அது நிலையான விதியாயிற்று. ஐவரை மாற்றினும் இடைவேளை நீங்கலாக மூன்று தடவைகளே ஆட்டத்தை நிறுத்தலாம் என்பது கட்டுப்பாடு.

இவ்வுரிமையைச் சிந்தனையோடு கையாண்டமைக்கு அண்மைக்கால உதாரணம் 2022 நவம்பர் 23 ஆம் திகதி கட்டாரில் ஜேர்மனியை யப்பான் வென்ற ஆட்டமாகும். முதற்பாதியில் யப்பான் ஒரு கோல் பின்தங்கியிருந்தது. பந்தும் பெரும்பாலும் எதிரணியிடமே இருந்தது. இடைவேளையிற் பயிற்றுநர் ஹஜிமே மொரியாசு முன்னிலை வீரர் ஒருவரை நீக்கிப் பின்காவலர் ஒருவரைப் புகுத்தினார். பின்தங்கிய அணி காவலைக் கூட்டுவது முரண் போலத் தோன்றும். ஆனால் நடுவில் மூவர் காவல் நின்றமையால் இருபுறத்து வீரர்களும் அச்சமின்றி முன்னேற இயன்றது. அடித்தளம் உறுதியான பின்னரே அவர் தாக்குதல் வீரரை ஒருவர் பின் ஒருவராக அனுப்பினார். 75 ஆம் நிமிடத்தில் ரித்சு டோவனும் 83 ஆம் நிமிடத்தில் தக்குமா அசானோவும் கோல் போட்டனர். இருவரும் மாற்று வீரரே. இங்கு முதலில் நிகழ்ந்தது ஆட்டமாற்றம். ஆள்மாற்றம் அதற்குக் கருவியாயிற்று.

எனினும் உரிமை பெருகியமை எல்லோருக்கும் ஒரே பயனைத் தரவில்லை. ஐவரை மாற்றும் ஏற்பாட்டை இங்கிலாந்தின் பிரிமியர் லீக் 2020–21 பருவத்தில் ஏற்க மறுத்தது. பல சிறிய கழகங்கள் அதனை எதிர்த்தன. பெருங்கழகத்தின் ஓரத்திலிருப்போர் பிறிதொரு கழகத்தின் முதலணிக்கு ஈடாவர். ஐவரை மாற்றும் போது பணமே களமிறங்குகின்றது என்பதே அவர்தம் வாதத்தின் உட்பொருள். 2022–23 பருவத்திலேயே அங்கு ஐவர் முறை வந்தது. வீரரின் உடல்நலம் ஒருபுறம், போட்டியின் சமநிலை மறுபுறம் என இவ்வினா இன்னும் முற்றாகத் தீர்ந்துவிடவில்லை. காயமுற்றவரை இரக்கமின்றி ஆடவைத்த பழைய விதிக்குத் திரும்ப எவரும் விரும்பார். ஆயினும் செல்வம் படைத்த அணிக்கே மேலும் சாதகம் சேர்க்கும் விதியை நீதி எனக் கொள்ளுதலும் அரிது.

தீர்ப்பின் அளவுகோல்

இவ்வரலாற்றிலிருந்து, ஒரு பயிற்றுநரின் மாற்றத்தை எவ்வாறு மதிப்பிடுவது என்பதற்கு மூன்று வினாக்களைப் பெறலாம். அவ்வேளையில் அவர் எதனைக் கண்டார்? அவர் கையில் எவர் இருந்தனர்? எதனைப் பெற எதனை இழக்க உடன்பட்டார்? இவற்றுள் ஒன்றும் இறுதிக் கோல் எண்ணிக்கையைச் சார்ந்ததன்று. ஜர்னைல் சிங் ஜகார்த்தாவில் ஒரு கோலும் போடாது இந்தியா தோற்றிருப்பினும் ரஹீமின் சிந்தனை சிந்தனையே. இங்கிலாந்து லெயோனில் வென்றிருப்பினும் ராம்சியின் முடிவில் இருந்த ஐயம் ஐயமே.

அன்றியும், மாற்றப்படுபவர் ஒரு காயன்று, மனிதர். எழுபதாம் நிமிடத்தில் வெளியேறும் இளைஞன் தன் ஊரார் முன்னிலையில் தலைகுனிந்து நடக்கின்றான். அவனை ஏன் நீக்கினார் என்பதை அவனுக்கு விளங்கச் சொல்லும் பயிற்றுநரே அடுத்த ஆட்டத்தில் அவனிடமிருந்து முழுவதையும் பெறுவார். ஓரத்திற் காத்திருப்பவனும், தான் எதற்காகக் காத்திருக்கிறான் என்பதை அறிந்திருந்தால் ஆட்டத்தைக் கூர்ந்து நோக்குவான். அறியாதிருந்தால் வெறுமனே அமர்ந்திருப்பான்.

எமது கரையோரத்தில் மாணவர் அணிகளைப் பயிற்றுவோருட் பலர் ஆசிரியர்களே. பொருளும் ஆளும் குறைந்த நிலையில் அவர்கள் பெருங்கழகங்களைப் பின்பற்ற முடியாது, பின்பற்ற வேண்டியதுமில்லை. வலது காலன் இடது காலால் உதைக்கப் பழகினானா, பின்காவலன் ஒருநாள் முன்களத்தில் ஆடிப் பார்த்தானா, எவன் களைத்தால் எங்கு ஓய்வு கொள்வான் என்பவற்றை அறிந்து வைத்திருத்தலுக்குப் பணம் வேண்டுவதில்லை. மாலைதோறும் களத்தோரத்தில் நின்று தன் பதினோருவரையும் ஒருவர் ஒருவராகப் பார்க்கும் பொறுமையே வேண்டும். ஹைதராபாத்தில் ஓர் ஆசிரியரிடம் இருந்த பெருஞ்செல்வம் அதுவே.